மருந்துச் சட்டை

காலை ஏழரைக்கு முதல் லோரி ஏறுவதற்குள்
பாகாவ் செம்பனை ஆலையின் எடைமேடை ஆபிசில்
என் கணினிமேல் ஏறி நிற்கும்
நாற்பது மின்னஞ்சல்.

இன்றைக்கு ஒன்று:
பாக்கித்தொகை தாமதம், உடனே திறக்கவும்.
அனுப்பியவன் உரக்கம்பெனி மாதிரி.
மாதிரிதான்.
பெயரில் ஓர் எழுத்து கூடுதல்,
முன்பின் தெரியாதவன்
மூன்றுதரம் 'அக்கா அக்கா' என்பது போல.

சிரம்பானிலிருந்து வந்து
மூன்று கோப்பை தே-ஓ குடித்துவிட்டு
ஹஃபிஸ் சொல்லிப்போனது இது:
"காக் தமயந்தி, சந்தேகமான பக்கத்தைத் தொட்டால்
இனி அது இங்கே திறக்காது.
வேறெங்கோ ஒரு கணினி
அதைத் தனக்குள் திறந்து ஓடவிடும்.
உங்களுக்கு வருவது அதன் படம் மட்டும்.
மூடினால் அங்கேயே அழிந்துவிடும்."

தலையாட்டினேன்.
விளங்கியது பிற்பாடுதான்,
உரக்கொட்டகைக்குப் பின்னால்
மருந்தடிக்கிற பெண்கள் திரும்புகிற நேரத்தில்.

பவானி, மேகலா, ஜாவாக்காரி ரஹாயு.
முதுகுத் தோம்பை இறக்கி
கையுறையை உருவி
களைக்கொல்லி தெறித்த சட்டையை
அங்கேயே கழற்றிப் போட்டு
அங்கேயே குளித்து
வேறு துணியில்தான் வீட்டுக்கு நடக்கிறார்கள்.
அந்தச் சட்டை ஒருநாளும் லயத்துக்குப் போனதில்லை.
பவானியின் கைக்குழந்தைக்கு
அதன் நீலக்கறை என்ன நிறமென்றே தெரியாது.

சரி என்று தொட்டேன்.
திரையைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.
பக்கம் விரிந்தது.
சின்னம் அசல், எழுத்து அசல்,
மேலாளரின் கையெழுத்துகூட.
உள்ளே என்னென்ன பதுங்கியிருந்ததோ,
எதை என் பெட்டிக்குள் இறக்கிவிட வந்ததோ,
எல்லாம் நான் பார்க்காத ஊரில்
யாரும் குடியில்லாத அறையில்
கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.
என் மேசையில் அதன் உருவம் மட்டும்,
நாட்காட்டிப் புலி போல:
பல் தெரிந்தது, வாய் இல்லை.

கடவுச்சொல் கேட்டது.
விரல், பழக்க தோஷம், இரண்டெழுத்து தட்டிவிட்டது.
கட்டம் வாங்கவில்லை.
மூடினேன்.
கொட்டகைச் சாக்கடையில் நீலத்தண்ணீர் வடிவது மாதிரி
எங்கேயோ அது வடிந்திருக்கும்.

இரண்டு மணிக்குப் பவானி வந்தாள்.
தலையில் இன்னும் ஈரம்.
"பிள்ளைக்கு உதவிப்பணம் வந்திருக்காம் அக்கா,
முந்நூறு ரிங்கிட்.
இதுல அமுக்குனா போதுமாம்."
அமுக்கியிருந்தாள்.
ஐசி எண் கொடுத்திருந்தாள், பேங்க் பெயரும்.
பேசிக்கொண்டிருக்கும்போதே
ஆறு இலக்க எண் ஒன்று
அவள் உள்ளங்கையில் வந்து துடித்தது.

"அதை மட்டும் போடாதே."

அந்த முகவரியை எனக்கு அனுப்பச் சொல்லி
மஞ்சள் கோட்டுக்குள் திறந்து காட்டினேன்.
அதே கொடி, அதே சிரிக்கும் குடும்பம்.
நெடுநேரம் பார்த்தாள்.
"இங்க மட்டும் ஏன் கடிக்கல?"

சொன்னேன். அவளுக்கு
என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது.
"அப்ப இது கொட்டகை.
என் போனுக்கு எங்க இருக்கு கொட்டகை?"

கம்பெனி வாங்கியது முப்பது பேருக்கு.
எடைமேடை, கணக்குப் பிரிவு, மேலாளர்,
மேலாளரின் மடிக்கணினி இரண்டு.
தோம்பு தூக்குபவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.
அதை அவளிடம் சொல்லவில்லை.
பேங்குக்கு அடித்தேன்,
பதினொரு நிமிடம் பாட்டு கேட்டேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்டோடு
கணக்கை முடக்கினார்கள்.
நேரில் வந்தால்தான் திறப்பார்களாம்.

மேடையில் லோரி ஹாரன் அடித்தது.
கனத்தோடு ஓர் எடை, வெறுமையாய் ஓர் எடை,
கழித்து எழுதிவிட்டு நிமிர்ந்தபோது
அவள் கேட்டைத் தாண்டிப் பட்டணத்துச் சாலையில்
போய்க்கொண்டிருந்தாள்,
போனை உடம்பில் படாமல்
இரண்டு விரலால் தள்ளிப் பிடித்தபடி,
மருந்துச் சட்டையைத் தூக்கிப்போகிறவள் மாதிரி.